வேட்பாளரும் முரஷ்ஷஹும்: துறைமுகம் தொகுதி கற்பிக்கும் பாடம்

தேர்தலில் நிற்பவரைத் தமிழில் 'வேட்பாளர்' என்கிறோம். வேட்பு என்றால் விருப்பம். எனவே வேட்பாளர் என்பவர் பதவியை விரும்பி நிற்பவர். உர்தூவில் அவரை 'உம்மீத்வார்' என்பர். நம்பிக்கையோடு எதிர்பார்த்திருப்பவர் என்பது அதன் பொருள். அரபியில் அவர் பெயர் 'முரஷ்ஷஹ்'. இது செயப்பாட்டு வடிவச் சொல். தாய் தன் குழந்தைக்குச் சிறிது சிறிதாகப் பாலூட்டி, அது தானே உறிஞ்சிப் பருகும் வலிமை பெறும் வரை பழக்குவதைப் பழைய அரபு அகராதி ஆசிரியர்கள் 'தர்ஷீஹ்' என்று குறித்தனர். பின்னர் ஒருவரை ஒரு பொறுப்புக்கு உரியவராக வளர்த்து ஆளாக்குவதற்கும் அச்சொல் ஆகி வந்தது. அமைச்சுப் பதவிக்கு வளர்க்கப்படுகிறவர் என்ற பொருளிலும் அதனை அவர்கள் எடுத்தாண்டுள்ளனர்.

ஒருவர் தாமே விரும்பி நிற்பதற்கும், ஒரு சமுதாயம் அவரை வளர்த்து முன்னிறுத்துவதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவை வரலாற்றில் அளந்து பார்ப்பதற்கு வடசென்னையின் துறைமுகம் சட்டமன்றத் தொகுதியை விடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது. தமிழ் பேசும் முஸ்லிம்களும் உர்தூ பேசும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் தொகுதி அது. அங்கே 1952 முதல் நம்மவர்கள் வாக்குக் கேட்ட கதையைப் புரிந்துகொள்ள, முதலில் வாக்குக் கேட்பது பற்றி நம் மார்க்கம் கூறுவதையும், 1952க்கு முன் நம்மவர்கள் வாக்குக் கேட்ட முறையையும் அறிதல் வேண்டும்.

பதவியைக் கேட்டுப் பெறுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது ஹதீஸ் மாணவர் அனைவரும் அறிந்ததே. அப்துர் ரஹ்மான் இப்னு சமுரா (ரலி) அவர்களிடம், கேட்டுப் பெறும் பதவியில் மனிதன் தன் பொறுப்பிலேயே விடப்படுவான். கேளாமல் வரும் பதவியில் அவனுக்கு உதவி கிட்டும் என்னும் கருத்தை அவர்கள் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுடன் வந்து பதவி கேட்ட இருவருக்கும், கேட்பவருக்கு நாம் பொறுப்பளிப்பதில்லை என்ற கருத்திலேயே மறுமொழி கிடைத்தது. இவற்றைக் காட்டி, தேர்தலில் நிற்பதே தகாது என்று வாதிடுவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

ஆயினும் திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தில், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு யூசுஃப் (அலை) அவர்களே மன்னரிடம் கேட்கிறார்கள். காக்கும் திறனும் அறிவும் தமக்கு உண்டு என்பதையே காரணமாக முன்வைக்கிறார்கள். வரவிருந்த பஞ்சத்தில் மக்களின் உயிர் அக்களஞ்சியங்களில் இருந்தது. இவ்விரு நிலைகளையும் இணைத்துப் பார்த்த சட்ட அறிஞர்கள், கேட்பவரின் தகுதியையும் நோக்கத்தையும் கொண்டே தீர்ப்பை வகுத்தனர். ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ, நீதிபதிப் பதவியைக் கேட்பது பற்றி 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் ஆராயும்போது, ஒரே விடையைக் கூறாமல் சூழ்நிலைக்கேற்ப வகைப்படுத்துகிறார்.

முன்னிறுத்தும் மரபு நபித்தோழர்களிடம் தெளிவாகக் காணப்படுகிறது. ஸகீஃபாவில் அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. உமர் (ரலி), அபூ உபைதா (ரலி) ஆகிய இருவரின் பெயர்களையே முன்மொழிந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அறுவர் குழுவை அமைத்துச் சென்றபின், அக்குழுவிலிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் முதலில் தம்மைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். பின்னரே, உறக்கம் துறந்து, மதீனத்து மக்களிடம் கருத்துக் கேட்டுத் திரிந்தார்கள். வீட்டுக்குள் இருந்த பெண்களிடமும் கேட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் இப்னு கஸீர் பதிவு செய்துள்ளார். வீடு வீடாகச் சென்று மக்கள் கருத்தை அறியும் இப்பணியைச் செய்தவர், தமக்காக எதையும் கேளாதவராக இருந்தார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். 1909ஆம் ஆண்டின் மின்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி முறையை வழங்கியது. முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம் வாக்காளர் மட்டுமே தேர்ந்தெடுப்பர் என்பது அதன் சாரம். 1916இல் லக்னோ உடன்பாட்டில் காங்கிரசும் இதனை ஏற்றது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் 28 முஸ்லிம்களுக்கும், மேலும் ஒன்று முஸ்லிம் பெண்ணுக்கும் ஒதுக்கப்பட்டன.

அன்றைய வாக்குக் கேட்டல் எப்படி நிகழ்ந்திருக்கும் என்பதை இவ்வமைப்பே உணர்த்துகிறது. சென்னை மாகாணம் அன்று ஒரிசாவின் எல்லையிலிருந்து மலபார் வரை பரந்து கிடந்தது. அதனை 28 ஆகப் பகுத்தால் ஒவ்வொரு முஸ்லிம் தொகுதியும் மிகப் பெரிதாகவே அமையும். வேட்பாளர் பல ஊர்களைக் கடந்து செல்ல வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் அவர் காண வேண்டியவர் சிலரே. ஏனெனில் வயது வந்தோர் அனைவருக்கும் அன்று வாக்குரிமை இல்லை. வரி செலுத்துவோர், சொத்துடையோர், எழுத்தறிவு பெற்றோர் போன்றோருக்கே அது இருந்தது. பள்ளிவாசல் முற்றத்திலும் வணிகர் இல்லத்திலும் பேசி முடித்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். அடுத்த தெருவில் வாழும் இந்து நெசவாளியிடமோ கிறிஸ்தவ மீனவரிடமோ அவர் தம்மை விளக்க வேண்டிய தேவை எழவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஏழை முஸ்லிமிடமும் அத்தேவை எழவில்லை. அவரிடம் வாக்கு இல்லை.

விடுதலை வந்தபோது இம்முறை கேள்விக்கு உள்ளானது. 1947 ஆகஸ்டு 27இல் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாண உறுப்பினர் பி. போக்கர் சாஹிப், தனித்தொகுதி தொடர வேண்டும் எனத் திருத்தம் கொண்டு வந்தார். பொது வாக்கில் வெல்லும் முஸ்லிம், முஸ்லிம்களின் உள்ளக்கிடக்கையை எடுத்துரைக்க முடியாது என்பது அவர் வாதத்தின் அடிப்படை. நாட்டுப் பிரிவினையின் இரத்தம் உலராத நேரம் அது. சர்தார் பட்டேல் மறுநாள் கடுமையாக மறுத்தார், திருத்தம் தோற்றது. பொதுத்தொகுதியில் இட ஒதுக்கீடு என்று எஞ்சியிருந்த ஏற்பாடும் 1949 மே மாதத்தில் கைவிடப்பட்டது. அப்போது காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் மீண்டும் தனித்தொகுதிக்காக எழுந்து நின்றார். பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களோ ஒதுக்கீடு வேண்டாம், பெரும்பான்மையோரின் நல்லெண்ணத்தை நம்புவோம் என்றனர். இரு சாராரும் சமுதாய நலனையே எண்ணினர். எவர் கணிப்புச் சரி என்பதை வாக்குப் பெட்டிதான் சொல்ல வேண்டியிருந்தது.

அத்தகைய வாக்குப் பெட்டிகளுள் ஒன்று துறைமுகம் தொகுதியில் வைக்கப்பட்டது. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், அரண்மனைக்காரத் தெருவில் கச்சாலீசுவரர் கோயிலும் ஆர்மீனியர் தேவாலயமும், அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜிதே மஃமூர் என ஒரு நாழிகை நடைக்குள் எல்லாச் சமயத்தாரும் வழிபடும் பகுதி இது. காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய கடற்கரை ஊர்களிலிருந்து வந்த நம் வணிகர்கள் மண்ணடியில் கடை வைத்தனர். சௌகார்பேட்டையில் மார்வாரிகளும் குஜராத்திகளும் குடியேறினர். கப்பலில் சரக்கேற்றும் தொழிலாளரும் வண்டி இழுப்போரும் கடற்கரையோரக் குடிசைகளில் வாழ்ந்தனர். 1960களில் பர்மாவிலிருந்து உடைமை இழந்து திரும்பிய தமிழர்கள் கடற்கரைச் சாலையோரம் கடை விரித்தனர். பர்மா பஜார் பிறந்தது. வடக்கே இராயபுரத்தில் மீனவரும், திருவொற்றியூர், எண்ணூர் வரை ஆலைத் தொழிலாளரும் என உழைப்பாளர் பகுதி நீண்டது. அருகிலிருந்த வண்ணாரப்பேட்டைத் தொகுதியில் 1952இல் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் வென்றார் என்பதே அன்றைய வடசென்னையின் மனநிலையைக் காட்டும்.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்ததால் வாக்குக் கேட்கும் முறையே மாறியது. 1952, 1957 பொதுத் தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டு, அதன்மேல் அவரது சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் தம் சின்னத்தைக் கண்டு, அந்தப் பெட்டியில் சீட்டை இட்டால் போதும். 1962இல் அம்முறை மாறி, ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களும் அச்சாகி, வாக்காளர் முத்திரை குத்தும் முறை வந்தது. ஆகவே அன்றைய வேட்பாளரின் ஆட்கள் கொள்கையை மட்டும் சொல்லித் திரும்ப இயலாது. எங்கே குத்துவது, எப்படி மடிப்பது என்பதையும் திண்ணைதோறும் கற்பிக்க வேண்டியிருந்தது. கோஷாப் பெண்களிடம் செய்தி சேர்ப்பதற்குப் பெண்களே செல்ல வேண்டும். கூலி வேலை முடிந்து தொழிலாளர் வீடு திரும்பும் இரவு வேளையே தெருக்கூட்டத்துக்கு உரிய வேளை.

இத்தொகுதியில் 1957இல் வென்ற காங்கிரசுக்காரர் டாக்டர் யு. கிருஷ்ணா ராவ், 1961 வரை சட்டப்பேரவைத் தலைவராகவும் விளங்கினார். அவருக்குப்பின் 1962இல் காங்கிரசின் கே.எஸ்.ஜி. ஹாஜா ஷரீஃப் வென்றார். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்து காங்கிரசு ஆட்சியைச் சாய்த்த 1967இல் ஹபீபுல்லாஹ் பேக் வென்றார். 1971இல் முஸ்லிம் லீக்கின் திருப்பூர் மொய்தீன் வென்றார். தொடர்ந்து மூன்று தேர்தல்கள், மூன்று முஸ்லிம்கள், மூவரும் முஸ்லிம்களின் வாக்குகளோடு மற்றவர் வாக்குகளையும் பெற்றவர்கள்.

பொதுத்தொகுதியில் முஸ்லிம் வெல்லவே முடியாது என்ற அச்சத்துக்கு இது விடையாக அமைந்தது. ஆனால் போக்கர் சாஹிப் எழுப்பிய நுட்பமான கேள்வி, வெல்ல முடியுமா என்பதோடு நிற்கவில்லை. வென்றபின் அவர் யாருடைய குரல் என்பதையும் அவர் கேட்டார். இங்கே நாம் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. 1967இலும் 1971இலும் பெரும் அலைகள் வீசின. 1971இல் தி.மு.க. மட்டுமே 184 இடங்களை வென்றது. அலையில் ஏறி வருபவரை அலையே கரை சேர்க்கிறது. அலை திசை மாறினால் அவர் நிற்க இடமில்லை.

அவ்வாறே நிகழ்ந்தது. 1977 முதல் 2021 வரை நடந்த எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் துறைமுகம் தொகுதியில் முஸ்லிம் ஒருவர் வெல்லவில்லை. ஆ. செல்வராசன், மு. கருணாநிதி, க. அன்பழகன், பழ. கருப்பையா, பி.கே. சேகர்பாபு எனப் பட்டியல் நீள்கிறது. இவர்களுள் பலர் முஸ்லிம்களின் பெருவாரியான அன்பைப் பெற்றவர்களே. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் நம்மவர்கள் முயலாமலும் இல்லை. 2006இல் ம.தி.மு.க.வின் சீமா பஷீர் என்னும் முஸ்லிம் பெண்மணி, அன்பழகன் போன்ற மூத்த தலைவரை எதிர்த்து நின்று 410 வாக்குகளில் வெற்றியை இழந்தார். 2011இல் தி.மு.க. சார்பில் நின்ற அல்தாஃப் உசேன் தோற்றார். அதற்கு முன் 1991இல், அ.தி.மு.க.-காங்கிரசு அணி தமிழகத்தையே வாரிக்கொண்ட நேரத்தில், கருணாநிதி இத்தொகுதியில் 890 வாக்கு வேறுபாட்டில் கரையேறினார். 410, 890 என்பவை மண்ணடியின் ஓரிரு தெருக்களில் அடங்கிவிடும் எண்ணிக்கைகள்.

காயிதே மில்லத்தின் மஞ்சேரி வெற்றிகளை இங்கே சிலர் நினைவூட்டக்கூடும். திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அப்பெருமகன், மலையாளம் பேசும் மஞ்சேரி நாடாளுமன்றத் தொகுதியில் 1962, 1967, 1971 என மும்முறை வென்றார். முன்னிறுத்தப்படுதல் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. எனினும் முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் வாழும் மலபாரின் அனுபவம் வடசென்னைக்கு அப்படியே பொருந்தாது. இங்கே நம் வேட்பாளர் மற்றவரிடம் சென்றே ஆக வேண்டும்.

மற்ற நாடுகள் இச்சிக்கலை வேறு வகையில் அணுகியுள்ளன. லெபனானில் நாடாளுமன்ற இடங்கள் சமயப் பிரிவுவாரியாக ஒதுக்கப்படுகின்றன. ஆனால் ஒரு தொகுதியில் உள்ள எல்லாச் சமயத்து வாக்காளர்களும் அவ்விடங்கள் அனைத்துக்கும் வாக்களிக்கின்றனர். ஸுன்னி உறுப்பினர் கிறிஸ்தவரிடமும், மாரோனியர் முஸ்லிமிடமும் வாக்குக் கேட்கின்றனர். நம் நாட்டில் 1932ஆம் ஆண்டின் பூனா உடன்பாட்டுக்குப்பின் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அமைந்த தனித்தொகுதிகளும் அத்தகையனவே. இடம் ஒதுக்கப்பட்டிருந்தும் வாக்குப் பொதுவாக இருந்தால், வேட்பாளர் அண்டை வீட்டாரிடம் பேசிப் பழகுகிறார். ஒதுக்கீடு இல்லாத நமக்கோ அப்பழக்கம் இன்னும் இன்றியமையாதது.

சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. 2017 ஜனவரி 2இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், வேட்பாளரின் சமயம் மட்டுமின்றி வாக்காளரின் சமயத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் இத்தடைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. சமூக அடையாளம் காரணமாக மக்கள் அடைந்த இழப்புகளைப் பற்றிப் பேசுவதே இதனால் தடைப்பட்டுவிடும் என மாறுபட்ட நீதிபதிகள் கவலைப்பட்டனர், அக்கவலை பொருளற்றதன்று. எவ்வாறாயினும், 'நான் உங்கள் மார்க்கத்தவன். ஆகவே எனக்கு வாக்களியுங்கள்' என்று மஹல்லாவில் கேட்பவர் சட்டத்தையும் மீறுகிறார். தம் தகுதியைக் காட்டவும் தவறுகிறார். யூசுஃப் (அலை) அவர்கள் தம் குலத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. காக்கும் திறனையும் அறிவையுமே சொன்னார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்க்கட்டும்.

வாக்காளரின் பொறுப்பும் இதற்குக் குறைந்ததன்று. வாக்கு என்பது சாட்சியம், பரிந்துரை, பிரதிநிதியை அமர்த்தல் ஆகிய மூன்றும் ஆகும் என முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) விளக்கியுள்ளார். சாட்சியத்தை விற்பது எத்தகைய குற்றம் என்பதை ஃபிக்ஹு நூல்களைப் புரட்டிய எவரும் அறிவர். வடசென்னையில் டாக்டர் இராதாகிருஷ்ணன் நகர் தொகுதியின் இடைத்தேர்தல் 2017 ஏப்ரல் 12இல் நடக்கவிருந்தது. பணப் பட்டுவாடா பற்றிய புகார்களால் தேர்தல் ஆணையம் அதனை நிறுத்த நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 21இல்தான் மக்கள் வாக்களித்தனர். துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நிகழ்ந்த இந்நிகழ்ச்சி நம் மஹல்லாக்களைத் தீண்டவில்லை என்று நாம் மார்தட்ட முடியுமா? ஏழையின் கையிலுள்ள நோட்டைப் பழிப்பது எளிது. ஐந்தாண்டுகள் அவ்வேழையின் வீட்டுப்பக்கம் செல்லாதவர், ஒரு பகலில் அவரது சாட்சியத்தை எதிர்பார்ப்பதையும் நாம் பழிக்க வேண்டும்.

இவ்வரலாறு நமக்குக் காட்டும் முடிவு இதுவே. தனித்தொகுதி முறையில் நம் வேட்பாளர் தம்மவரிடம் மட்டும் கேட்டார். கேட்பதற்கு அதிக உழைப்பு வேண்டியிருக்கவில்லை. பொதுத்தொகுதி முறையில் சில காலம் அலைகள் நம்மைச் சுமந்தன. அலைகள் ஓய்ந்தபின் கட்சிகள் இடம் தருமா என்று காத்திருக்கும் உம்மீத்வார்களும், தருமாறு வேண்டும் வேட்பாளர்களும் நம்மிடம் பெருகினர்; முரஷ்ஷஹ்கள் பெருகவில்லை. வேட்புமனுத் தாக்கலுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் எவரும் ஒருவரை வளர்த்துவிட முடியாது. தர்ஷீஹ் சொட்டுச் சொட்டாக நிகழ்வது. கழிவுநீர் தேங்கிய தெருவுக்காக மாநகராட்சி அலுவலகத்தில் நின்றவர், சுமைதூக்கும் தொழிலாளிக்கு இழப்பீட்டு விண்ணப்பம் எழுதித் தந்தவர், மீனவக் குப்பத்தில் தீப்பற்றியபோது முதலில் ஓடியவர், இவர்களை யார் என்று மண்ணடி மட்டுமின்றிச் சௌகார்பேட்டையும் அறிந்திருக்க வேண்டும். அத்தகையவரை ஜமாஅத்துகள் இனங்கண்டு, அவருக்குச் சட்டமும் நிர்வாகமும் கற்பித்து, முதலில் மாமன்றத்துக்கும் பின்னர் பேரவைக்கும் முன்னிறுத்தினால், அவர் பதவி கேட்டு அலைய நேராது. மற்றச் சமயத்தாரும் அவருக்காகச் சாட்சி சொல்லத் தயங்கமாட்டார்கள்.

அரபுக் கல்லூரிகளில் கற்பிக்கும் நம்மைப் போன்றோர்க்கும் இதில் பங்குண்டு. அமானிதம் பற்றி ஜும்ஆ மேடையில் பேசும் நாம், வாக்கும் ஓர் அமானிதம் என்பதைத் தேர்தல் அறிவிப்புக்குப் பின்னரே நினைவுகூர்கிறோம். தேர்தல் இல்லாத ஆண்டுகளில் அதனைப் பேசினால், எந்தக் கட்சிக்கும் சாய்ந்ததாகாது. எவர் மனத்தையும் புண்படுத்தாது. தகுதியுள்ளோரை வளர்க்கும் பொறுமையையும், அவர்களை அடையாளம் காணும் நேர்மையையும் வல்ல அல்லாஹ் நம் சமுதாயத்துக்கு வழங்குவானாக!